தலைவர் வீட்டார் மலையேறும்போது

தலைவர் வீட்டார் ஊட்டி வருவதற்காகச் சமவெளியிலிருந்து அனுப்பப்படும் டூர் ப்ரோக்ராமில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘மேட்டுப்பாளையம் – ஊட்டி, 1 மணி நேரம்.’ ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தானே என்ற கணக்கு. தாள் கைக்கு வந்ததும் நான் முதலில் அடித்துத் திருத்துவது அந்த வரியைத்தான். குன்னூர் போய்ச் சேருவதற்குள்ளேயே 14 கொண்டை ஊசி வளைவுகள். வெயிலில் வண்டி ஏறியவர் 2,240 மீட்டர் உயரத்தில், குளிரில் வந்து இறங்குகிறார். சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரி பாதை என்று போலீஸ் ஒருவழி ஆக்கிவிட்டால் கணக்கு இன்னும் மாறும். நான் இரண்டரை மணி நேரம் என்று எழுதுவேன். அதில் அரை மணி, வண்டியை ஓரங்கட்டிக் குழந்தையை வாந்தி எடுக்கவிட்டு, முகம் கழுவி, உடை மாற்றுவதற்கு.

அரசியல் தலைவர்களின் வீட்டார் நீலகிரிக்கு வரும்போது பயணத்தையும் நிகழ்ச்சிகளையும் ஒழுங்கு செய்வது பல வருஷமாக என் வேலை. தலைவருக்கே திட்டம் போடுவது இதைவிடச் சுலபம். அவருக்கு மேடை பழக்கம், கூட்டம் பழக்கம். மனைவியும் அம்மாவும் பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளையும் எந்தப் பதவியும் ஏற்றவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் சார்பில் யாரோ ஒருவர் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுகிறார்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு டிசம்பரில். ஒரு தலைவரின் அம்மா, எழுபதைத் தாண்டியவர், குன்னூர் பக்கம் ஒரு திறப்பு விழாவுக்கு வந்தார். சாப்பாடு, அறை, வண்டி எல்லாம் உதவியாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். குன்னூர் மலைப்பாதையில் வரும் பர்லியாரில் தொடங்கி வழிநெடுக வரவேற்பு. நின்ற இடத்திலெல்லாம் சால்வை போட இறங்கச் சொன்னார்கள், அவரும் இறங்கினார். ஒரு மணிக்கு என்றிருந்த சாப்பாடு மூன்றரைக்குப் போனது. சர்க்கரை மாத்திரையை அவர் நேரத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார், வயிற்றில்தான் ஒன்றும் இல்லை. மேடையில் உட்கார்ந்தவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிவிட்டது. பக்கத்திலிருந்த ஒரு டீச்சரம்மா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தோம். மாலையில் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது, “என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேப்பா” என்றார். தப்பு முழுக்க என்னுடையது. அதன்பின், பயணம் போகிறவரிடம் நேரடியாகப் பேசாமல் எந்த நிரலையும் நான் முடித்ததில்லை. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, படி ஏற முடியுமா, சேலை கட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பார்கள், மாதவிடாய் நாளா என்பது வரை கேட்டாக வேண்டும். கடைசிக் கேள்வியை ஒரு பெண் ஊழியர் கேட்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உங்களுக்கு வர விருப்பமா? பிள்ளைகளையும் இதைக் கேட்க வேண்டும். பதினான்கு வயதுப் பெண் வேண்டாம் என்றால் மேடையில் அவளுக்கு நாற்காலி போடக்கூடாது.

படங்கள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். குடும்பம் ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்த இடத்தின் படம் வெளியே போகலாம். தங்கும் விடுதியின் பெயர், வண்டி நம்பர், பிள்ளையின் பள்ளிச் சீருடை எதுவும் படத்தில் தெரியக்கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும் ஆர்வத்தில் நம் ஆட்களே இதை மீறுகிறார்கள். எல்லோருக்கும் பெரிய பாதுகாப்பு இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி எஸ்.பி.ஜி. என்ற சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவல் பிரதமருக்கும், அவருடன் அரசு இல்லத்தில் வசிக்கும் நெருங்கிய குடும்பத்தாருக்கும்தான். முன்னாள் பிரதமர் என்றால் பதவி விட்டு 5 ஆண்டு வரை. மற்றத் தலைவர்களின் குடும்பங்களுக்கு, இருக்கும் ஆபத்தைப் பார்த்துப் போலீஸ் முடிவு செய்வதுதான். பல பேருக்கு ஒன்றுமே இருக்காது.

ஹெலிகாப்டர் என்று யாராவது சொன்னால், சாலைத் திட்டத்தை முழுசாக எழுதி முடித்த பிறகுதான் அதைப் பேசுவேன். 2021 டிசம்பர் 8-ஐக் குன்னூர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை. சூலூரிலிருந்து வெலிங்டன் வந்த விமானப்படை ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 பேர் இறந்தார்கள். வானிலை திடீரென்று மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்ததும், அதில் விமானி திசை தடுமாறியதும்தான் காரணம் என்றது விசாரணை. 2024 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஊட்டி வந்தபோது வானிலை சரியில்லை என்று சாலை வழியாகவே வந்தார். நாட்டின் முதல் குடிமகளே காரில் வந்தார் என்றால், ‘மேடம் லேட்டாகிவிடும்’ என்று யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை. மூடுபனி இறங்கினால் நிகழ்ச்சியை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எங்கள் தாளில் அது எப்போதும் குடும்பத்தில் ஒருவர்.

கான்வாய் பற்றியும் சொல்ல வேண்டும். சமவெளியில் ஒரு ரோட்டை நிறுத்தினால் பக்கத்துத் தெரு இருக்கும். பர்லியாருக்கும் குன்னூருக்கும் நடுவில் பக்கத்துத் தெரு கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் 108 வந்தால் அதற்கு ஒதுங்கிக்கொடுக்க இடமே இல்லை. அதனால் மூன்று வண்டிக்கு மேல் நான் ஒப்புக்கொள்வதில்லை. மற்றவர்கள் தனித்தனியாக முன்னாலேயே ஏறிவிட வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. உள்ளூர் டி.என். 43 பதிவு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. தலைவர் வீட்டு வண்டியாக இருந்தாலும் பதிவு செய்துவிட்டு வரச் சொல்கிறேன். சோதனைச் சாவடியில் பாஸைக் காட்டிவிட்டுப் போவதில் ஒரு குறையும் இல்லை. மைசூர் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று: இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் பாதை மூடியிருக்கும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அரசு வண்டி, அரசு விருந்தினர் மாளிகை எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போய், அவர்களுடைய பூவேலைச் சால்வையான பூத்துக்குளி போர்த்திக்கொண்டு படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. போகலாம், ஆனால் அது அவர்கள் வாழும் இடம். அவர்களுடைய கோயில் பக்கம் பெண்கள் போவதில்லை. தலைவரின் மனைவியிடம் இதை வழியிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலில் வைத்துத் தடுத்தால் இரண்டு பக்கமும் சங்கடம். மந்துப் பெரியவர்களிடம் ஒரு வாரம் முன்பே போய்க் கேட்பேன். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவேன்.

அழைக்கிற பள்ளிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பூங்கொத்தும் கையுமாகச் சின்னப் பிள்ளைகளைத் தூறலில் வரிசையாக நிறுத்தாதீர்கள். ஒன்பது மணி என்றது பதினொன்று ஆகும், அந்தக் குளிரில் அவர்களுக்குக் காய்ச்சல் வரும். வகுப்பிலேயே பாடம் நடக்கட்டும். வண்டி ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்புக்கு வந்ததும் நான் போன் செய்கிறேன். அதன் பிறகு அழைத்துவந்தால் போதும்.