தூரம் ஒன்று, நேரம் இரண்டு

லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் போக எட்டு மணி நேரம் பிடிக்கிறது. திரும்பி வர ஏழு மணி நேரமே போதும். தூரம் என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான், சுமார் 5,540 கிலோமீட்டர்.

"பூமி சுற்றுகிறதே, அதனால்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். யோசித்துப் பார்த்தால் அந்தக் கணக்கு தலைகீழ். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. விமானத்துக்குக் கீழே பூமி தனியாக நழுவுகிறது என்றால், மேற்கே போகிறவருக்கு நியூயார்க் அல்லவா எதிரே ஓடி வரவேண்டும்? காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் அப்படி எதுவும் நடப்பதில்லை.

உண்மையான காரணம், பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம். துருவக் குளிரும் தெற்கின் வெப்பமும் சந்திக்கும் இடத்தில் அது உருவாகிறது. குளிர்காலத்தில் வேகம் கூடும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. தரையிலிருந்து பார்த்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில் ஒலியின் வேகமே 1,070 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் விமானம் ஒலியை முந்தவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றில் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

சரி, போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடும் அல்லவா? அதுதான் இல்லை. விமானத்தின் வேகம் 900 கிலோமீட்டர், காற்று 150 என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் வேகம் 750 ஆகிறது: 7 மணி 23 நிமிடம். பின்காற்றில் 1,050: 5 மணி 17 நிமிடம். மொத்தம் 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போய்வர 12 மணி 19 நிமிடம்தான். காற்று கெடுக்கும் பக்கத்தில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், உதவும் பக்கத்தை சீக்கிரமே தாண்டிவிடுகிறோம். வட்டிக்கடைக் கணக்கு மாதிரி, எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் நமக்கு.

அப்புறம், பாதை. உலக உருண்டையில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால் அது அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து பக்கமாக வளைந்து போகும். மிகக் குறைந்த தூரம் அதுதான். ஆனாலும் விமானங்கள் அந்த நூலை அப்படியே பிடித்துப் போவதில்லை. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உள்ள ஷான்விக், கேண்டர் கட்டுப்பாட்டு மையங்கள் காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாகப் பாதைகளை வகுக்கின்றன. பகலில் மேற்கே போகிறவர்களுக்கு ஒன்று, இரவில் கிழக்கே வருகிறவர்களுக்கு வேறொன்று. கிழக்கே வருகிறவர் ஜெட் காற்றைத் தேடிப் போய் ஏறிக்கொள்கிறார். மேற்கே போகிறவர் சில நாள் கிரீன்லாந்துப் பக்கம் வரை ஒதுங்கி, நூறு இருநூறு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றிப் போய், சீக்கிரம் இறங்கிவிடுகிறார்.