மீட்டரைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள்

"2012 மாடல், சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, அள்ளிட்டு வந்துட்டேன் சார்!" இந்த வசனத்தோடு என் ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. கடைசியாக வந்த வண்டி ரெக்கவரி வேனில்தான் வந்தது. இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வு வளைந்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டிய நிலை. பெல்ட்டை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "இன்னும் கிலோமீட்டர் வரலையே" என்கிறார்கள்.

பெல்ட் ரப்பருங்க. அதற்கு மீட்டர் படிக்கத் தெரியாது. சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10, பழைய 800 சிசி ஆல்டோ எல்லாம் பெல்ட் வண்டிகள். ஆல்டோ கே10, ஐ10 கப்பா இன்ஜின், 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஆகியவற்றில் பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் செயின். பெல்ட் வண்டி வாங்கினால், மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக பெல்ட்டையும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். கையோடு வாட்டர் பம்பையும் பார்த்துவிட்டால் இன்னொரு முறை பிரிக்கும் கூலி மிச்சம்.

குறைந்த கிலோமீட்டர் என்பதில் இரண்டு சிக்கல். ஒன்று, அது பொய்யாக இருக்கலாம். டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது லேப்டாப் வைத்திருப்பவருக்கு அரை மணி நேர வேலைகூட இல்லை. இரண்டு, அது உண்மையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காய்கறி வாங்க இரண்டு கிலோமீட்டர், கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் என்று ஓடிய வண்டியில் ஆயில் ஒருநாளும் முழுதாகச் சூடேறியிருக்காது. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறாமல் ஆயிலோடு கலந்து கசடாகிவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக் காலிப்பர் இறுகும், பேட்டரி சாகும், ஹோஸ்கள் வெடிக்கும். பில்லோடு 90,000 ஓடிய ஹைவே வண்டியும் பில் இல்லாமல் 38,000 காட்டும் வண்டியும் ஒரே விலைக்கு வந்தால், யோசிக்காமல் முதலாவதை எடுக்கலாம்.

மீட்டர் பொய் சொன்னாலும் வண்டி சொல்லாது. கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கலாகத் தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங் பளபளக்கிறதா, டிரைவர் சீட்டின் வலது விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-ஆவது வாரம். 38,000 காட்டும் 2012 வண்டியில் 2021-ல் செய்த டயர் இருந்தால், பழையதை வயதாகிவிட்டதென்று மாற்றியிருக்கலாம். அந்தப் புது டயரும் மொட்டையாகியிருந்தால் கணக்கு உதைக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணை வைத்துப் பழைய சர்வீஸ் கிலோமீட்டரைப் பார்க்கலாம். ஓனரையே அழைத்துப்போய்க் கேளுங்கள். வர மறுத்தால் நீங்களும் வண்டியை மறுத்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது, "வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆற விடுங்கள் அல்லது மறுநாள் போங்கள். பழைய இன்ஜினின் குறைகள் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். முதல் ஆக்சிலரேட்டரில் நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் நுரை இருந்தால், குட்டி ஓட்டத்தால் வந்ததாகவும் இருக்கலாம், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட் போனதாகவும் இருக்கலாம். ரேடியேட்டர் கூலன்ட்டில் ஆயில் மிதக்கிறதா என்றும் பார்த்த பிறகே முடிவெடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி குழிக்குள்ளும் ஒரு பார்வை. சென்னையில் 2015-லும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய வண்டிகளெல்லாம் காயலான் கடைக்கா போயிருக்கும்?

வாங்கிய பிறகு செய்யும் பாவம் ஒன்று உண்டு: சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை, "நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிவது. சொல்வது நம் தொழில்காரர்கள்தான், வெட்கம். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். வண்டி இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் போச்சு, ஆயிலும் கெடும். ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து குழாய் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

மற்றது சுருக்கமாக. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். டயர் ஆறு வருடம் தாண்டினால் மாற்றுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஃபியூயல் ஹோஸில் வெடிப்போ பெட்ரோல் வாடையோ இருந்தால் அன்றே மாற்றுங்கள். இரண்டு லட்சம் பட்ஜெட் என்றால் ஒன்று எழுபதுக்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். மீதி முப்பதாயிரம் இந்த வேலைகளுக்கு.

பேப்பர் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஓனர் பெயர் மாற்றும் படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, ஆர்டிஓ ஆபீஸில் கொடுக்காமல் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். லோன் வண்டியாக இருந்திருந்தால் ஆர்சியில் இருக்கும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம், கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் என்ஓசியும் வேண்டும். கட்டாத போக்குவரத்து அபராதம் (இ-சலான்) இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஆர்சி 15 வருடத்துக்குத்தான். 2012 வண்டிக்கு 2027-ல் சோதனை, புதுப்பிப்பு, பசுமை வரி எல்லாம் வரும், அதை விலையில் பேசிக் கழியுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். மாற்றாமல் இடித்துக்கொண்டு வந்தால் தேர்ட் பார்ட்டி தவிர உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. "ஓனர் நல்ல மனுஷன் சார், கேட்டா கையெழுத்து போடுவார்" என்று அப்போது வந்து சொல்லாதீர்கள்.