வீலிங்: சூட்சுமம் வலது காலில்

நின்றுகொண்டு வீலிங் (முன் சக்கரத்தைத் தூக்கி, பின் சக்கரத்தில் மட்டும் ஓட்டுவது) அடிப்பவர்கள் ஒரு காலை முன் ஃபுட்ரெஸ்டிலும் மறு காலைப் பின்னால் அமர்பவருக்கான ஃபுட்ரெஸ்டிலும் வைத்திருக்கிறார்களே, அது ஸ்டைலுக்காகவா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. முன்னால் இருப்பது பெரும்பாலும் வலது கால்தான் என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். பின் பிரேக் மிதி இருப்பது அங்கேதான்.

மீதிப் பாதிக்கு ஒரு சின்னக் கணக்கு. வண்டி 150 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ. அவர் உட்கார்ந்திருக்கையில் இரண்டுக்கும் சேர்த்து ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 64 செ.மீ. உயரத்திலும், பின் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு 67 செ.மீ. முன்னாலும் இருப்பதாகக் கொள்வோம். பின் ஃபுட்ரெஸ்டில் ஒரு காலை ஊன்றி எழுந்து நின்று இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் உயரம் 74, முன்தூரம் 62 ஆகும். முன்தூரத்தை உயரத்தால் வகுத்தால் உட்காரும்போது 1.05, நிற்கும்போது 0.84. முன் சக்கரம் எழும்பத் தேவையான முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தின் அத்தனை மடங்கு. எழுந்து நின்றதற்கே 20 சதவீதம் தள்ளுபடி.

இந்த 0.84 இன்னொரு வேலையும் செய்கிறது. எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 0.84 என்று பார்த்தால் 40 டிகிரி வரும். எளிமைக்காக, டயர் தரையைத் தொடும் இடத்தை ஒரு கீல் போலக் கொண்டால், வண்டி 40 டிகிரி தூக்கியதும் ஈர்ப்பு மையம் பின் டயருக்கு நேர் மேலே வந்துவிடும். (உண்மையில் வண்டி பின் சக்கர அச்சைச் சுற்றித் திரும்புவதால் கோணம் இதைவிட அதிகம்.) அதுதான் சமநிலைப் புள்ளி. தூக்கத் தேவையான முடுக்கமும் சமநிலைக் கோணமும் ஒரே எண்ணில் அடங்குவது தற்செயல் அல்ல.

டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் சட்டென்று கிளம்பும்போது அவர் பின்னால் சாய்கிறார். அவருடைய உடலைப் பொறுத்தவரை ‘கீழே’ என்ற திசையே பின்பக்கமாகச் சரிந்துவிட்டது. 0.84 மடங்கு முடுக்கத்தில் அந்தச் சரிவு 40 டிகிரி. அதாவது முடுக்கம் முன் சக்கரத்தைத் தூக்குவதே இல்லை; வண்டி பின்பக்கம் விழும்படி ‘கீழே’யைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். எனக்கு இதைவிட அழகான இயற்பியல் பாடம் தோன்றவில்லை. தெருவுக்குத் தெரு பைக் நிற்கும் நாட்டில் நம் பாடநூல்கள் இன்னும் சாய்தளத்தில் மரக்கட்டையை வழுக்கவிட்டுக்கொண்டிருக்கின்றன!

இப்போது புதியவர்கள் விழுவது ஏன் என்பதும் விளங்கும். இந்த எளிய கணக்குப்படி வண்டி 20 டிகிரி எழும்பியதும் மிச்சம் 20 டிகிரிதான். அந்த நிலையில் தாக்குப்பிடிக்கத் தேவையான முடுக்கம் 0.36 மடங்கு மட்டுமே. 40-இல் பூஜ்யம். ஆக, முன்பக்கம் ஏற ஏற ஆக்சிலரேட்டரைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். கிளப்பிய அதே முறுக்கிலேயே கையை வைத்திருந்தால் வண்டி மல்லாந்துவிடும்.

புள்ளியைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால்? பதறியவர் கை உடனே கிளட்சைப் பிடிக்கும். எஞ்சின் விசை நிற்குமே தவிர வண்டி திரும்பாது. ஈர்ப்பு விசையே அதைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே காப்பாற்றுவது பின் பிரேக். பஸ் பிரேக் போட்டால் பயணிகள் முன்னால் சாய்வதுபோல ‘கீழே’ இப்போது முன்பக்கம் திரும்பும். புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.1 மடங்கு வேகக்குறைப்பு கிட்டத்தட்ட 6 டிகிரி திருப்பும். அதை அரை நொடி கொடுத்தால் இழக்கும் வேகம் மணிக்கு 2 கி.மீ.கூட இல்லை. அதனால் மிதியை ஓங்கி மிதிக்க வேண்டாம். பாதம் எப்போதும் அதன்மேல் படிந்திருந்து லேசாக அழுத்தினால் போதும். ஓங்கி மிதித்தால் முன் சக்கரம் தரையில் அறையும்.

பழகும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. மூடிய மைதானம், ஹெல்மெட், முழங்கால் காப்பு, முழு ஜாக்கெட். (பொதுச் சாலையில் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு காத்திருக்கிறது, எதிரே வருபவர் உங்கள் பயிற்சிக்குச் சம்மதிக்கவும் இல்லை.) முதல் கியரில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சீராகப் போங்கள். 200 சிசி எஞ்சின் முதல் கியரில் தானாகத் தரும் முடுக்கம் 0.84-ஐ எட்டுவது கஷ்டம், அதனால் கிளட்ச் வேண்டும். இரு விரலால் கிளட்ச் நழுவும் அளவுக்கு மட்டும் இழுத்து, எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 7,000-க்கு ஏற்றி, விடுங்கள். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கில் சேர்ந்திருந்த சுழல் ஆற்றல் ஒரு கணம் சக்கரத்துக்குப் போகும். மடங்கியிருந்த முழங்கால்களை அதே கணத்தில் நிமிர்த்துங்கள். தொடக்கத்தில் முன் சக்கரம் ஒரு சாண் எழும்பினால் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டரை விட்டு இறக்காமல் பிரேக்கால் இறக்குங்கள். கால் இதைத் தன்னிச்சையாகச் செய்யாதவரை உயரம் கூட்டக் கூடாது.

ஹேண்டில்பாரை இழுத்தால் வண்டி தூக்கும் என்பது பைக் உலகின் மூடநம்பிக்கை. நின்றிருக்கும் கட்டிலை அதன்மேல் ஏறி நின்றுகொண்டு தூக்கப் பார்ப்பது மாதிரி. இழுக்கும்போது உடல் பின்னால் போகிறதே, பலன் அதில்தான். புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதாவது யாருக்கும் தீங்கில்லை. இழுக்கும் பழக்கமோ முன் சக்கரத்தைக் கோணலாக்கும், கோணலாக இறங்கும் சக்கரம் ஹேண்டிலைப் பிடுங்கி உதறும். முன் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினால் இன்னும் மோசம், சக்கரம் சுழலாமல் வழுக்கும்.

ஸ்டண்ட் வண்டிகளில் பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) பெரிதாக்கி, பின் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, பின் பிரேக்குக்கு இடது கையில் ஒரு லீவரும் வைப்பார்கள். முன், பின் இரண்டுக்கும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல்: காற்றில் வேகமிழக்கும் முன் சக்கரத்தைக் கண்டு கணினி குழம்பலாம், சரியாக அந்த நேரத்தில் பின் பிரேக் தளரலாம். பழகிவிட்டால் செலவும் தொடரும். முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் கசியும், ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கான கோன் செட் தேயும், செயின் நீளும். நீண்ட வீலிங்கில் எஞ்சின் ஆயில் பின்பக்கம் ஒதுங்க, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே பிரேக்கை அழுத்தி இறக்கிவிடுங்கள்.