கோடைத் தீவன வயல் போட்டால் மான் பெருகுமா?

ஜூலை மாத மாலை. மிசிசிப்பி, அலபாமா பக்கம் காட்டுக்கு நடுவில் இரண்டு ஏக்கர் தட்டைப்பயறு. வெயில் சாய்ந்ததும் காட்டோரத்திலிருந்து வெள்ளைவால் மான்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. எண்ணினால் 15. போன ஆண்டு அதே இடம் புதராகக் கிடந்தபோது இரண்டோ மூன்றோதான் கண்ணில் பட்டன. நிலத்துக்காரர் "வயல் போட்டேன், மான் பெருகிவிட்டது" என்கிறார்.

பெரும்பாலும் பெருகியிருக்காது. அந்த 15 மான்களும் போன ஆண்டும் அங்கேதான் இருந்தன. சுற்றுவட்டாரக் காட்டில் ஒரு சதுர மைலுக்குப் பரவி, நிழலில் மேய்ந்துகொண்டிருந்தன. வயல் அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வரவழைத்திருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் வேட்டை நிலம் வாங்குகிறவர்களும் குத்தகைக்கு எடுக்கிறவர்களும் 'ஃபுட் பிளாட்' எனப்படும் இந்தத் தீவன வயல்களுக்கு ஆண்டுதோறும் பணத்தைக் கொட்டுகிறார்கள். வயலில் நிற்கும் மானையும் நிலத்தில் பிறந்து பிழைத்த மானையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் அந்தப் பணம் பல சமயம் வீணாகிறது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சே புதிதாக இருக்கலாம். அமெரிக்காவில் இந்த வேட்டை நிலங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. மான் நிலத்துக்காரருடையது அல்ல. அதற்குப் பொறுப்பு மாநிலம். உரிமமும் பருவமும் எத்தனை சுடலாம் என்ற வரம்பும் மாநிலம் வகுப்பவை. நிலத்துக்காரர் கையில் இருப்பது இரண்டு: மானுக்கு என்ன உணவு, என்ன மறைவு கிடைக்கிறது என்பது, வரம்புக்குள் எதைச் சுடுவது என்பது.

எண்ணிக்கை எதனால் கூடும்? பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது ஆகிய நான்கினால்தான். கோடை வயல் நேரடியாகத் தொடுவது பிறப்பை மட்டும், அதுவும் ஓரளவு. நல்ல தீனி தின்ற பெண் மான் ஒற்றைக் குட்டிக்குப் பதில் இரட்டை ஈனும், பால் வற்றாது, குட்டி கனத்து வளரும். இறப்பைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 10 பெண் மான்கள் 15 குட்டி ஈனுகின்றன, குட்டியைத் தின்னும் கயோட்டிகள் (ஓநாயைவிடச் சிறிய காட்டு விலங்குகள்) பெருத்த இடத்தில் இலையுதிர் காலம்வரை பிழைப்பது 5 என்று வைத்துக்கொள்வோம். தீவனத்தால் 15 என்பது 18 ஆனாலும் பிழைப்பு விகிதம் மாறாவிட்டால் மிஞ்சுவது 6. குட்டி படுத்துக்கிடக்க இடுப்பளவு புல்லும் முள்புதரும் பரவலாக இருந்தால் அந்த விகிதமே மாறும். தட்டைப்பயறு வயலால் அதைச் செய்ய முடியாது.

உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்தால் இன்னொரு சங்கதி தெரியும். பெண் குட்டி வளர்ந்தபின் பெரும்பாலும் தாயின் பக்கத்திலேயே தங்கிவிடும். ஆண் குட்டிகளில் பாதிக்கு மேல் ஒன்றரை வயதுக்குள் பிறந்த இடத்தை விட்டு மைல்கணக்கில் போய்விடும். ஆக, வயலால் ஏதாவது சேர்ந்தால் சேர்வது பெண் மான்கள். பெரிய கொம்புக் கிடாவை நினைத்து விதைக்கிறவர் பெண் மான் கூட்டத்தை வளர்க்கிறார். அந்தக் கூட்டத்தைச் சுட்டுக் குறைக்க மனமில்லாதவருக்குக் கோடை வயல் போட வேண்டாம் என்றே சொல்வோம். மான் அளவுக்கு மிஞ்சினால் ஓக் மரக்கன்று ஒன்றுகூட முழங்கால் உயரம் தாண்டாது. மானின் வாய் எட்டும் நாலைந்து அடி உயரம்வரை காடு சீவிவிட்டதுபோல் மொட்டையாகும்.

அப்படியானால் கோடை வயலால் பயனே இல்லையா என்றால், உண்டு. எங்கே என்பதுதான் கேள்வி.

வெள்ளைவால் மானின் கர்ப்பம் ஏறத்தாழ 200 நாள். வட மாநிலங்களில் குட்டிகள் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும். மிசிசிப்பி, அலபாமாவின் பல பகுதிகளில் இணைசேர்க்கை டிசம்பர் கடைசி, ஜனவரிக்குத் தள்ளிப்போவதால் குட்டிகள் ஜூலை, ஆகஸ்டில் பிறக்கின்றன. அதே சமயத்தில்தான் வெயிலில் காட்டுத் தழை முற்றி நாரேறிப் புரதம் இறங்கும். பால் கொடுக்கும் தாய்க்கும் கொம்பு வளரும் கிடாவுக்கும் உணவில் 16 விழுக்காட்டை ஒட்டிய புரதம் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பும்போதுதான் கோடை வயல் உடல் எடையிலும் கொம்பிலும் குட்டியிலும் தெரியும்படி வேலை செய்கிறது. தென் மாநிலங்களின் மணற்பாங்கான, சத்தில்லாத நிலங்களில் இது உண்மையிலேயே பலன் தரும்.

அயோவாவிலோ இல்லினாயிலோ கதை வேறு. ஜூலையில் சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் சோயா நிற்கும்போது உங்கள் இரண்டு ஏக்கர் எதைக் கூட்டும்? அங்கே மானுக்குக் குறை வருவது அறுவடைக்குப் பின். மிச்சிகன் மேல்தீபகற்பம், மெய்ன் போன்ற பனிக்காடுகளில் மானைக் கொல்வது கடுங்குளிர். கோடையில் ஏறிய கொழுப்பு கொஞ்சம் உதவும். ஊசியிலை மரங்களின் கீழ் கிடைக்கும் குளிர்கால மறைவுக்கு அது ஈடாகாது.

பரப்புக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 300 ஏக்கர் நிலம். சதுர மைலுக்கு 40 மான் என்றால் ஏறத்தாழ 19 மான். ஒன்று நாளைக்கு 4 பவுண்டு உலர் தீனி தின்றால் 100 நாளைக்கு 7,600 பவுண்டு. நன்றாக வந்த பயறு வயல் ஏக்கருக்கு 4,000 பவுண்டு உலர் தழை தரும். இரண்டு ஏக்கரில் 8,000. காகிதத்தில் சரியாக இருக்கிறது. வயலில் நடப்பது இதுவல்ல. அந்த 4,000 பவுண்டு முழுப் பருவத்து விளைச்சல். முளைத்த முதல் மாதத்தில் செடி ஒரு நாளில் வளர்வதைவிட மான் ஒரு நாளில் தின்பது அதிகம். போதாக்குறைக்கு எல்லை தாண்டி அண்டை நிலத்து மானும் வரும். அதனால்தான் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் பயறு வயல்கள் ஜூன் முடிவதற்குள் வெறுந்தரையாகின்றன. தட்டைப்பயறு, சோயா நாற்றை வித்திலைக்குக் கீழே கடித்தால் செடி செத்தது, மறுதுளிர் கிடையாது. மான் அடர்ந்த இடத்தில் ஒரே துண்டாக 3 முதல் 5 ஏக்கர் இல்லாமல் பயறு போடுவது விதையை வீசி எறிவதற்குச் சமம்.

பெரிய துண்டு இல்லாதவருக்கு இரண்டு வழி. ஒன்று, கடியைத் தாங்கும் பயிருக்கு மாறுவது: லடினோ வகை வெள்ளைக் குளோவர் ஏக்கருக்கு 5 பவுண்டு, சிக்கரி 3 பவுண்டு, கால் அங்குல ஆழத்துக்குமேல் போகாமல் இலையுதிர் காலத் தொடக்கத்தில் விதைப்பது. அடுத்த கோடைக்கு வேர் பிடித்து நிற்கும். கடுங்கோடையில் குளோவர் சுணங்கினாலும் ஆழ வேருள்ள சிக்கரி தாக்குப்பிடிக்கும். மற்றது மின்வேலி. மானுக்கு ஆழம் கணிப்பது கடினம் என்பதை வைத்து அமைத்த இரட்டை வரிசை வேலி இது. வெளிவரிசையில் 18 அங்குல உயரத்தில் ஒரே கம்பி. அதற்கு 3 அடி உள்ளே அடுத்த வரிசை, 10 அங்குலத்தில் ஒன்று, 24 அங்குலத்தில் ஒன்று. கண்ணில் படும்படி வெள்ளைப் பட்டைக் கம்பி வேண்டும். விதைத்த அன்றே மின்சாரம் ஓடவேண்டும். முளையை ஒருமுறை ருசித்துவிட்ட மானை வேலி தடுப்பது சந்தேகம். கம்பிக்குக் கீழே புல் வளர்ந்து தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். வேலி தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். செடி முழங்கால் தாண்டி அடர்ந்ததும் வேலியைப் பிரித்துவிடலாம்.

விதைப்பில் தமிழருக்கு ஒரு வசதி: பயிர்கள் பழகியவை. 'லாப்லாப்' என்று விலை கூடுதலாக விற்பது நம் மொச்சை, அவரை இனம். 'கவ்பீ' தட்டைப்பயறு. 'சன் ஹெம்ப்' பசுந்தாள் உரத்துக்கு மடக்கி உழும் சணப்பு. விதையோடு கலக்கும், வேரில் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர் மூன்றுக்கும் ஒரே வகை போதும். சோயாவுக்கு வேறு வகை. பொட்டலத்தில் எந்தப் பயிருக்கு என்று பார்த்து வாங்குங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் நுண்ணுயிரைக் கலந்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்தும் நம்மூர் விதைநேர்த்தி அங்கேயும் செல்லும். மண் வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டியபின், பெரும்பாலும் மே மாதம், ஒரு அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். தட்டைப்பயறு தூவினால் ஏக்கருக்கு 50 முதல் 75 பவுண்டு, மொச்சை 20 பவுண்டு அளவு.

பயறு வகைக்குத் தழைச்சத்து போடாதீர்கள். போட்டால் களைதான் கொழுக்கும். மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் சுண்ணாம்பு. தென் மாநிலக் காட்டு மண் பெரும்பாலும் அமிலம். கார அமில நிலை 6-க்குக் கீழே இருந்தால் போட்ட உரத்தில் பெரும்பங்கு செடிக்கு எட்டாது. சுண்ணாம்பு ஏக்கருக்கு ஒன்று இரண்டு டன் தேவைப்படும், அது மண்ணோடு வேலை செய்ய மாதங்கள் ஆகும். மே மாத விதைப்புக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே போட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் மான் தின்கிறதா, எவ்வளவு தின்கிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நாலடி உயரப் பற்றவைத்த கம்பிவலையில் 12 அடி நீளம் வெட்டி வளைத்தால் நாலடி அகலக் கூண்டு கிடைக்கும். விதைத்த கையோடு வயலுக்கு இரண்டு மூன்று கூண்டுகளை இரும்புக் கம்பி அடித்து நிறுத்துங்கள். ஜூலையில் போய்க் குனிந்து பாருங்கள். கூண்டுக்குள் செடி இடுப்பளவு, வெளியே கணுக்காலளவு இலையில்லாத குச்சி என்றால் வயல் சிறியது அல்லது மான் அதிகம். உள்ளும் வெளியும் ஒரே உயரம் என்றால் அந்தப் பருவத்தில் உங்கள் மானுக்கு அந்த வயல் தேவைப்படவில்லை. கூண்டுக்குள்ளேயே செடி மஞ்சளாக நோஞ்சானாக நின்றால் குறை மண்ணில். 100 டாலருக்குள் அடங்கும் இந்தக் கூண்டுகள் சொல்வதை எந்த விதை விளம்பரமும் சொல்லாது.

காட்டையும் மறந்துவிடக் கூடாது. கிளைகள் மூடி வெயில் இறங்காத காட்டில் மான் விரும்பும் தழை பெரும்பாலும் ஏக்கருக்கு 100 பவுண்டைத் தாண்டாது. தேவையில்லாத மரங்களைக் களைந்து வெயிலை இறக்கி, சில ஆண்டுக்கொரு முறை கட்டுப்பாட்டோடு தீயிட்டால் ராக்வீட், போக்வீட் போன்ற காட்டுச் செடிகள், காட்டுத் திராட்சைக் கொடி எல்லாம் தானே முளைக்கும். இவற்றில் பலவற்றின் புரதம் விதைத்த பயிருக்கு அருகில் வரும். 100 ஏக்கரில் ஏக்கருக்கு 400 பவுண்டு கூடினாலே 40,000 பவுண்டு. மேலே சொன்ன இரண்டு ஏக்கர் வயலைப்போல் ஐந்து மடங்கு. குட்டிக்கு மறைவும் அதிலேயே கிடைக்கிறது. கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் மரம் களையுங்கள். தீயிடுவதற்கு அனுமதியும் பயிற்சி பெற்ற ஆளும் கட்டாயம்.

கோடையில் வயலில் எண்ணிய மான் நவம்பரிலும் அங்கே நிற்கும் என்று திட்டமிடுவது இன்னொரு பிழை. செப்டம்பரில் சோயா இலை மஞ்சளடிக்கும், ஓக் கொட்டை உதிரத் தொடங்கும். மான் மேய்ச்சலை மாற்றிவிடும். கோடை முழுக்க ஒன்றாகத் திரிந்த கிடாக் கூட்டமும் அப்போதுதான் கலையும். ஜூலையில் கேமராவில் விழுந்த கிடா இணைசேர்க்கைக் காலத்தில் இரண்டு மைல் தள்ளி நிற்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. 1967-ல் கொலராடோவில் முதலில் தெரிந்த மான் நலிவு நோய் இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. எச்சிலிலும் சிறுநீரிலும் பரவி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும் பிரியான் எனும் உருத்திரிந்த புரதத்தால் வருவது அது. விளைந்து நிற்கும் வயல், குவித்துக் கொட்டிய மக்காச்சோளம் அளவுக்கு மூக்கோடு மூக்கு உரசவைக்காது. ஆனாலும் மான் கூடும் இடம்தான். எது விளைந்த தீவன வயல், எது மானை இழுக்கப் போட்ட இரை என்று பிரிக்கும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விதைக்கும் முன் உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

வயல் பலன் தந்ததா என்பதற்குச் சான்று சுட்ட மானின் உடலில் இருக்கிறது. குடல் நீக்கிய எடையை வயதுவாரியாக ஏட்டில் எழுதுங்கள். வயதுக்குக் கீழ்த்தாடையைப் பாருங்கள். கடைவாய்ப் பல் வரிசையில் முன்னிருந்து மூன்றாவது பல் மூன்று முகடோடு தேய்ந்து நின்றாலோ, விழுந்து அடியில் புதுப்பல் வெள்ளையாக எட்டிப்பார்த்தாலோ அது ஒன்றரை வயது. இரண்டு முகடுள்ள நிலைப்பல் முழுதாக வளர்ந்திருந்தால் அதற்கு மேல். பருவத் தொடக்கத்தில் சுட்ட பெண் மானின் மடியை அழுத்திப் பாருங்கள். பால் கண்டால் அதன் குட்டி கோடையைத் தாண்டியது என்று கொள்ளலாம். ஒன்றரை வயது மானின் எடை மூன்று ஆண்டு ஏட்டில் ஏறவே இல்லை, கூண்டுக்கு வெளியே செடியும் மிஞ்சவில்லை என்றால் நான்காவது ஆண்டு வயலை அகலப்படுத்தாதீர்கள். மாநில வரம்புக்குள் பெண் மான்களின் எண்ணிக்கையைப் பருவத் தொடக்கத்திலேயே குறையுங்கள். குளிர்காலத்துக்கு மிஞ்சும் தீனி, மிஞ்சும் மான்களுக்குப் போய்ச் சேரும்.