கார் 15 வருஷத்தைத் தொடுகிறதா? எஃப்.சி. காட்டுவதா, ஸ்கிராப்புக்குக் கொடுப்பதா

"15 வருஷம் ஆச்சுன்னா வண்டியை கவர்மென்ட் எடுத்துக்கும்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. தமிழ்நாட்டில் ஓடும் சொந்த காருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. 10 வருஷம் கடந்த டீசல், 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கான கட்டுப்பாடு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகரப் பகுதிக்கும் உரியது. நீதிமன்ற உத்தரவுகளால் வந்த அதிலும் வழக்கு, திருத்தம் என்று இழுபறிதான். வயதை மட்டுமே காரணமாக வைத்து நாடு முழுக்க ஓரங்கட்டப்படுபவை அரசுத் துறைகளின் வண்டிகள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை.

நம் காருக்கு உள்ளது இவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, முதலில் 15 வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, நல்ல நிலையில் இருக்கிறது என்று ஆய்வாளர் சொன்னால் இன்னும் 5 வருஷம் கிடைக்கும். இதைத்தான் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவது என்கிறோம். அது முடிந்ததும் மறுபடி 5 வருஷம் கேட்கலாம். ஓடும் நிலையில் இருக்கும்வரை இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை.

கட்டணம்தான் ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த காரின் புதுப்பிப்புக் கட்டணம் இப்போது 5,000. வண்டி 20 வருஷத்தைத் தாண்டினால், 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 10,000. இறக்குமதி கார் என்றால் தொகை பல மடங்கு. இதோடு பசுமை வரி, புகைச் சான்று, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும். இரண்டு வருஷம் மறந்துபோனால் அதுவே 12,000!

ஆக, ஆர்.டி.ஓ.வில் கட்டும் பணம் பெரிய விஷயம் இல்லை. வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவர மெக்கானிக்குக்குக் கொடுப்பதுதான் பெரிது. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று நாம் சொல்லும் அந்த ஆய்வாளர் பார்ப்பது பிரேக், லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர், சீட் பெல்ட், பாடியின் நிலை. சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண், தெளிவாகப் படிக்க வர வேண்டும். துரு ஏறி எழுத்து மங்கியிருந்தால் அங்கேயே சிக்கல். புது பெயின்டைப் பார்த்து ஏமாறாமல் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் எல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடிய செலவுகள். தரைத் தகடும் சேசிஸும் துருவில் உதிர ஆரம்பித்துவிட்டால், வெல்டிங் அடித்து எஃப்.சி. வாங்கினாலும் அந்த 5 வருஷம் நிம்மதியாகப் போகாது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் கருத்தைக் கேட்டால், அடிப்பக்கம் நன்றாக இருந்து, ரிப்பேர் பில் இன்றைய விற்பனை விலையில் பாதிக்குள் முடிந்தால் எஃப்.சி. காட்டிவிடலாம். விபத்தில் அடிபட்ட வண்டி என்றால் கணக்கு வேறு. முழு இன்சூரன்ஸ் இருந்து, ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால், முழு இழப்பாகக் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டும் என்பது பாலிசியிலேயே உள்ள ஷரத்து. பழைய வண்டிக்கு அந்த மதிப்பே குறைவு என்பதால், சாதாரண மோதலே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

சரி, கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தால்? இங்கேதான் 2021-இல் வந்த வாகன ஸ்கிராப் திட்டம் வருகிறது. அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் 'டெபாசிட் சான்றிதழ்' தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி. சொந்த வாகனத்துக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பது மாநில அரசின் ஆணையைப் பொறுத்தது. அன்றைய நிலவரத்தை ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். 2024 ஆகஸ்டில் பல கார் நிறுவனங்கள் விலையில் 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத் தள்ளுபடியாகத் தர ஒப்புக்கொண்டன. அது காலவரம்போடு வந்த சலுகை என்பதால் ஷோரூமில் இப்போதும் உண்டா என்று கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 லட்சம் ரூபாய் கார். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி (மேலே சொன்ன சாலை வரிதான்) 13 சதவீதம், அதாவது ஏறக்குறைய 78,000. முழு 25 சதவீதச் சலுகை கிடைத்தால் மிச்சம் 19,500. நிறுவனத் தள்ளுபடி 9,000. பதிவுக் கட்டணம் 600. பழைய வண்டியின் இரும்பு விலை, புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் வரும் என்பது திட்டத்தை அறிவித்தபோது அரசு சொன்னது. 24,000 முதல் 36,000 என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாம் கூடி வந்தாலும் 66,000-ஐத் தாண்டாது. நல்ல கண்டிஷனில் ஓடும் கார் வெளிச்சந்தையில் இதைவிட அதிகத்துக்குப் போகும் என்றால் ஸ்கிராப்புக்குக் கொடுப்பது நஷ்டம். உண்மையில் இந்தத் திட்டத்தைவிட, 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததுதான் புது கார் வாங்குபவருக்குப் பெரிய லாபம்.

ஆனால் ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். கடைக்காரர் கூடுதலாக நாலாயிரம் தருவார், ஆர்.சி. மட்டும் உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். அந்த சேசிஸ் எண்ணும் நம்பர் பிளேட்டும் வேறொரு வண்டியில் ஏறி எங்காவது மாட்டினால், போலீஸ் வருவது உங்கள் வாசலுக்குத்தான். அங்கீகார மையம் உங்கள் வண்டி திருட்டு வண்டியா, கடன் பாக்கி உண்டா, வழக்கு உண்டா என்று பார்த்த பிறகே எடுக்கும். சேசிஸ் எண் உள்ள பகுதியை வெட்டித் தனியாக வைக்கும். அழித்ததற்கான சான்றிதழும் தரும். வண்டி இனி ஓடாது என்றானால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 55-ஆம் பிரிவும் சொல்கிறது.

ஸ்கிராப் விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்திலேயே போடலாம். அதற்கு முன் பழைய கடனின் ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு) ரத்தாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் தீர்ந்து பல வருஷமாகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நிற்பது சகஜம். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் கட்டிவிடுங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ். வருஷக்கணக்காக கிளெய்ம் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சொந்தம், பழைய காருக்கு இல்லை. அதிகபட்சம் 50 சதவீதம் வரை புது காரின் சொந்த சேதப் பிரீமியத்தில் (உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி) கழித்துக்கொள்ளலாம். வண்டியை ஒப்படைத்ததும் பழைய பாலிசியை ரத்து செய்து, போனஸ் ஒதுக்கீட்டுக் கடிதத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.