ஐஸ் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் புல்டாக்

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்து அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு அடையாளம் 'அகா' என்ற வெள்ளை புல்டாக். 1956-இல் சவன்னா நகரத்து சைலர் குடும்பம் தொடங்கிவைத்த வழக்கம். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்து நாய்களே வழிவழியாக வருகின்றன. 2023 ஏப்ரலில் வந்தது பதினோராவது அகா. ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரத்து சான்ஃபோர்டு மைதானத்தில் 92,000-க்கும் அதிகமானோர் கத்திக்கொண்டிருக்க, சிவப்புச் சட்டை போட்ட அந்த நாய் ஐஸ் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று ஏ.சி. பொருத்திய குட்டி வீடும் உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது செல்லம் கொடுப்பதாகத் தெரியும். கால்நடை மருத்துவத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த ஐஸ் இல்லாவிட்டால் நாயின் உயிருக்கே ஆபத்து.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு இளைக்கும்போது மூக்கிலும் வாயிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்கும். புல்டாக்குக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது. மூக்குத்துளை கீறல்போல் ஒடுங்கியிருக்கும். மெல்லண்ணம் (வாயின் மேற்புறத்தில் பின்னால் உள்ள மெல்லிய சதை) நீண்டு குரல்வளையை மறைக்கும். பல புல்டாக்குகளுக்கு மூச்சுக்குழாயும் உடம்புக்கேற்ற அகலத்தில் இருக்காது. ஒவ்வொரு மூச்சையும் சிரமப்பட்டு இழுக்க வேண்டும். அந்தச் சிரமமே சூட்டைக் கூட்டும். இளைக்க இளைக்கத் தொண்டைச் சதை வீங்கி வழி இன்னும் குறுகும். செப்டம்பர் தொடக்கத்தில் ஜார்ஜியாவில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது சகஜம். காற்றில் ஈரப்பதமும் இருந்தால் நாக்கின் ஈரம் சரியாக ஆவியாகாது. அகாவின் படத்தைப் பார்த்துவிட்டு நம் ஊர் வெயிலில், இதேபோல் மூக்கு சப்பையான பக் நாயையும் புல்டாக்கையும் விழாக்களுக்குத் தூக்கிச் செல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாயின் கூட வருபவர் முதலில் நம்ப வேண்டியது காதை. வழக்கமான கொர்ர் சத்தம் மாறி, மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் போலக் கேட்டால் உடனே வெளியே கொண்டுபோய்விட வேண்டும். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் சரி. செங்கல் நிறம் என்றால் சூடு ஏறிவிட்டது. நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. எச்சில் கயிறுபோல் கெட்டியாகத் தொங்குவதும் கெட்ட அறிகுறி. நாயின் இயல்பான வெப்பம் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 41-ஐத் தொட்டால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது முதலில் குளிர்விக்க வேண்டும், வண்டியில் ஏற்றுவது அதற்குப் பிறகு. சட்டையையும் கழுத்துப்பட்டையையும் கழற்றிவிடுங்கள். வயிறு, தொடை இடுக்கு, அக்குள் என்று தோல்வரை நனையத் தண்ணீர் ஊற்றி, ஃபேனை நேராக வையுங்கள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகக் கூடாது. பலர் செய்யும் தவறு, ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது. சில நிமிடங்களில் துண்டு சூடாகி, கம்பளி போலாகிவிடும். வெப்பம் 39.5-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள். தொடர்ந்தால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் ரத்தம் உறையாமல் போவதும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் வெளியே தெரியலாம்.

சூட்டுக்கு அடுத்த ஆபத்து நெரிசல். 2019 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸ், 'சுகர் பவுல்' என்ற ஃபுட்பால் ஆட்டம் தொடங்கும் முன். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நீண்ட கொம்பு மாடு 'பீவோ'வின் அருகே படம் எடுப்பதற்காக அகாவைக் கொண்டுவந்தார்கள். 700 கிலோவுக்கும் அதிகமான அந்த மாடு தடுப்பைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. படம் எடுத்தவர்கள் சிதறி ஓடினார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இழுத்து நிறுத்தியதால் பெரிய காயம் யாருக்கும் இல்லை. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. சுற்றிலும் பார்க்கும், ஆனால் தூரத்தைச் சரியாகக் கணிக்காது. எதிரே ஒரு நாய், சுற்றிலும் ஆட்கள், விலகிப் போக வழி இல்லை என்றால் அது முன்னால்தான் பாயும். தூக்கி வைக்கும் இரும்புத் தடுப்பு மனிதக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த மட்டுமே ஆகும், மாட்டின் தோள் பட்டால் சாய்ந்துவிடும். தரையில் பதித்த அடைப்பு வேண்டும், ஒரு பக்கமாவது ஆளில்லாமல் திறந்திருக்க வேண்டும். அன்று தப்பு அந்தப் படம் எடுக்கும் ஆசையில்தான், மாட்டிடம் இல்லை.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் பெண் காட்டெருமை (பைசன்) 'ரால்ஃபி'யை ஐந்து பேர் கயிறு பிடித்து மைதானத்தில் ஓட்டுவார்கள். பெண் எருமை சற்றுச் சிறியது, மூர்க்கமும் குறைவு. ஐந்தாவது ரால்ஃபி அளவுக்கு மீறி வேகமெடுத்து, பிடிப்பவர் குறிப்புக்கு அடங்காததால் 2019-இல் ஓய்வு பெற்றது. ஆறாவது ரால்ஃபியான எம்பருக்கு ஓடுவதில் நாட்டமே இல்லை. 2025-இல் அதற்கும் ஓய்வு. அடித்து ஓட்டாமல் விட்டார்களே, அதை மனமாரப் பாராட்டுகிறோம்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புலி 'மைக்' இப்போது மைதானத்துக்குள் வருவதில்லை. 2024 நவம்பரில் மாநில ஆளுநரின் முயற்சியால் புளோரிடாவிலிருந்து வேறொரு புலியைக் கூண்டில் வைத்து ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மைக் அன்றும் வரவில்லை. மைதானத்துக்கு எதிரே 15,000 சதுர அடியில் மரமும் குளமும் உள்ள அதன் அடைப்புக்கு ரசிகர்கள்தான் போய்ப் பார்க்கிறார்கள்.