சுழலும் குண்டுக்கு மூக்கு எந்தப் பக்கம்?

"போனில் இருக்கும் திசைகாட்டி சிப்பைப் பீரங்கிக் குண்டுக்குள் வைத்தால் வேலை செய்யுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார்கள்.

பம்பரம் போலச் சுழன்றால்தான் குண்டு தலைகுப்புறக் கவிழாது. 155 மில்லிமீட்டர் குண்டு வினாடிக்கு 250 சுற்றைக்கூட எட்டும். சுழற்சியை அளக்கும் போன் ஜைரோஸ்கோப் வினாடிக்கு ஐந்தாறு சுற்றிலேயே கைவிரித்துவிடும். முடுக்கமானியோ, வீசியெறியப்பட்டுப் பறக்கும் பொருளுக்குள் புவியீர்ப்பை உணராது. அதற்கு மேல் கீழ் தெரியாது. ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும், மூக்கு எந்தப் பக்கம் என்று சொல்லாது. மிஞ்சுவது பூமியின் காந்தப்புலம். வெறும் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான், ஆனால் எங்கே போனாலும் கூடவே வரும்.

காந்தப்புலத்தை உணரும் சென்சாரைக் குண்டின் சுழல் அச்சுக்குச் செங்குத்தாகப் பொருத்தினால் சுற்றுக்கு ஒரு சைன் அலை வரும். அலைகளை எண்ணினால் சுழற்சி வேகம் கிடைத்துவிடும். சரி, அச்சுக்கும் புலத்துக்கும் இடையிலான கோணம்? அலையின் உயரத்தை வைத்துச் சொல்லலாம்தான். ஆனால் சுடும்போது புவியீர்ப்பைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல் அடிவாங்கிய சென்சார் சொல்லும் உயரத்தை எப்படி நம்புவது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தினர் இதற்கு மேக்சோண்ட் என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு சென்சாரை அச்சுக்கு 45 பாகை சாய்த்து வையுங்கள். உயரத்தை மறந்துவிடுங்கள்; அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் நேரங்களை மட்டும் குறியுங்கள். புலம் அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால் அலை பாதி நேரம் நேர்மறை, பாதி நேரம் எதிர்மறை. கோணம் 60 பாகையாகக் குறைந்தால் அலை முழுவதுமே மேலே நகர்ந்து, ஏறக்குறைய 70க்கு 30 என்று பிரியும். ஒரு சுற்று 4 மில்லி வினாடி என்றால், 2.8 நேர்மறை, 1.2 எதிர்மறை. சென்சாரின் உணர்திறன் பாதியாகிப் போனாலும் இந்த விகிதம் மாறாது! அலை குட்டையாகும், பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடம் நகராது. ஒரு கடிகாரமும் கொஞ்சம் முக்கோணவியலும் இருந்தால் போதும்.

தலைவலியும் உண்டு. குண்டின் எஃகு உடம்பில் தங்கிவிட்ட காந்தத்தன்மை பூஜ்ஜியக் கோட்டையே இடம் மாற்றிவிடும். அதைக் கழித்தாக வேண்டும். உலோகம் புலத்துக்குள் சுழலும்போது எழும் சுழல் மின்னோட்டமும் அலையைச் சற்றுத் தாமதமாக்கும்.

வானிலை ஆராய ஏவும் சுழல் ராக்கெட்டுகளும் இதே புலத்தைப் பார்த்துத்தான் தங்கள் நிலையை அறிகின்றன. குண்டுக்குக் கேட்காமலே கிடைக்கும் ஆராய்ச்சிப் பணம் அவற்றுக்கும் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

அப்புறம், புலம் ஒரே ஒரு திசையைத்தான் தருகிறது. மூக்கு அதைச் சுற்றிய ஒரு கூம்பின் மேல் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் தெரியாது. பகலில் சூரியனைப் பார்க்கும் ஒளி சென்சார் ஒன்று கைகொடுக்கும். இரவில் சுட்டால், பாதைக் கணக்கைத் துணைக்கு அழைக்க வேண்டியதுதான்.